உப்பில்லாமல் சுட்ட முறுக்கு

மகளைக் கொடுத்த வீட்டில் பேரப்பிள்ளை பிறக்கும்வரை கை நனைப்பதில்லை என்பது எங்கள் வகையறாவில் கண்டிப்பு. போகலாம், வரலாம், கூடத்தில் உட்கார்ந்து வெற்றிலை போடலாம். ஒரு வாய்ச் சோறோ ஒரு மடக்குக் காப்பியோ கூடாது. தண்ணீரைக்கூட நான் செம்பில் கொண்டுபோய்த்தான் குடிப்பேன். அதில் எனக்குப் பெருமையும் உண்டு. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், அந்தக் கண்டிப்பினால்தான் என் மகள் என்ன சாப்பிட்டாள் என்பது எனக்குக் கடைசிவரை தெரியாமல் போயிற்று.

எங்களுக்கு இலஞ்சியில் நஞ்சை. குற்றாலத்தில் விழுந்து ஓடிவரும் தண்ணீர் எங்கள் வாய்க்காலில் ஏறும். வருஷத்துக்கு இரண்டு பூவும் விளையும். அரிசியை விலைக்கு வாங்குகிறவர்களைப் பார்த்தால் அந்த வயதில் எனக்கு ஓர் இளப்பம். அப்படிப்பட்ட நான் என் ஒரே மகளைப் புனலூரில் கொடுத்தேன். மலைக்கு அந்தப் பக்கம். தென்காசியில் ரயில் ஏறினால் செங்கோட்டை, பிறகு மலை, குகை, பாலம், அப்புறம் புனலூர். மாப்பிள்ளை அங்கே ஒரு பலசரக்குக் கடையில் கணக்கெழுதினார். தமிழர்கள்தான், ஒரு தலைமுறையாக அங்கே குடியிருந்தார்கள். மாமனார், மாமியார், மாப்பிள்ளைக்குக் கீழே இரண்டு சின்னத் தங்கைகள். நல்ல மனிதர்கள். இதையும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். பின்னால் வருவதைக் கேட்டு அவர்களைத் திட்டுகிறவர்கள் இருப்பார்கள்.

கல்யாணம் பேசும்போது என் நாத்தனார் கேட்டாள்: “நெல்லக் கண்ணால பாக்காத சீமையில பிள்ளையக் குடுக்குதியே மதினி, அவ சோத்துக்கு எங்கன போவா?”

“அவுக பாக்கலன்னா என்ன? நான் அனுப்புதேன்,” என்றேன்.

சொன்னபடியே தலைப்பொங்கலுக்கு அனுப்பினேன். எங்கள் பக்கத்தில் தை பிறக்குமுன் மகள் வீட்டுக்குப் பொங்கல்படி போகவேண்டும். வெண்கலப் பானை, புது அரிசி, கருப்பட்டி, மஞ்சள் குலை, பனங்கிழங்குக் கட்டு, கரும்பு. தாயும் கூடப்பிறந்தவனும் இருக்கிறவரைக்கும் வருஷம் தவறாமல் போகும். நான் அரிசியை மூட்டையாகவே ஏற்றினேன். புனலூர் ஸ்டேஷனில் இறக்கிய கூலியாள், “ஆருடெ வீட்டில் கல்யாணம்?” என்று கேட்டானாம். என் மகள் சிரித்துச் சிரித்து இதைச் சொன்னாள். சிரித்தால் அவளுக்கு இருமல் வந்துவிடும். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, இருமிக்கொண்டே மிச்சத்தைச் சொல்வாள்.

அதற்குப் பிறகுதான் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தான்.

மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் சாப்பிட்டது பர்மா அரிசி என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அது கப்பலில் வந்து இறங்கியதாம். கப்பல் நின்றுபோயிற்று. ரங்கூன் எந்தத் திசையில் இருக்கிறது என்று இன்றைக்கு வரைக்கும் நான் அறியேன். அங்கே ஒரு கொடி இறங்கி இன்னொரு கொடி ஏறியது, புனலூரில் என் மகள் வீட்டில் உலை இறங்கியது. எங்கள் ஊரில் ஒரு குண்டும் விழவில்லை. ‘உங்க பக்கம் சண்டையே வரலியே, அப்புறம் எப்படி அத்தனை பேருக்குக் கஷ்டம்?’ என்று கேட்பவர்கள் உண்டு. குண்டு விழுகிற இடம் வேறு, அடுப்பு அணைகிற இடம் வேறு. அதற்குமேல் விளக்கிச் சொல்ல எனக்குப் படிப்பு இல்லை.

எங்கள் பக்கத்து அரிசியாவது அங்கே போகக்கூடாதா என்றால், அதற்கும் சட்டம் வந்தது. அப்போது செங்கோட்டை மகாராஜா சீமை, தென்காசி வெள்ளைக்காரன் சீமை. அரிசியோ நெல்லோ எல்லை தாண்டக்கூடாது என்றார்கள். ரயிலில் ஏறி மூட்டை முடிச்சை அவிழ்த்துப் பார்த்தார்கள். எங்கள் களத்து நெல்லிலும் சாப்பாட்டுக்கு விட்டதுபோக மிச்சத்தைப் பட்டாளத்துக்கும் பட்டணத்துக்கும் எடுத்துக்கொண்டார்கள்.

மலைக்கு அந்தப் பக்கத்துப் பெண்கள் தென்காசித் தேரடியில் வந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். வெள்ளை முண்டு உடுத்து, தலைமுடியைச் சரித்துக் கட்டிக்கொண்டு, லட்சணமான பெண்கள். முன்னால் உருளியும் கிண்டியும் குத்துவிளக்கும் வைத்திருப்பார்கள். கூவ மாட்டார்கள், பேச மாட்டார்கள். ஒரு பாத்திரத்துக்கு அரிசி கொடுத்தால் போதும், அங்கேயே மறைவாக அடுப்பு மூட்டிப் பொங்கிச் சாப்பிட்டுவிட்டு, மிச்சத்தைச் சோறாகக் கட்டிக்கொண்டு போவார்கள். சோற்றைச் சோதனைக்காரன் தடுக்க மாட்டான். எங்கள் தெருவில் பாதி வீட்டில் இன்றைக்கும் அந்த உருளிகள் இருக்கின்றன. நான் ஒன்றுகூட வாங்கவில்லை. மகளை அந்தப் பக்கம் கொடுத்தவள், அந்தப் பக்கத்து விளக்கைக் கொண்டுவந்து எப்படி என் வீட்டில் ஏற்றுவேன்?

அந்தப் பெண்களைப் பார்த்துத்தான் எனக்கு யோசனை வந்தது. சோறு மறுநாள் ஊசிப்போகும். பலகாரம் ஊசாது.

“ஏட்டி, களத்து நெல்லு அம்புட்டையும் பலகாரமா சுடப்போறியா? உனக்கென்ன கிறுக்கா?” என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

“அரிசி போகக் கூடாதுன்னுதான சட்டம்? அதிரசம் போகக் கூடாதுன்னு எவன் எழுதி வச்சிருக்கான்?”

அவர் தேங்காய் பறிக்கப் போனார். எண்ணெய்க்குத்தான்.

அந்தத் தையில் பொங்கல்படி தகரங்களில் போயிற்று. கைமுறுக்கு, அதிரசம், பொரிவிளங்காய் உருண்டை. உருண்டையில் கருப்பட்டி பேருக்குத்தான், மற்றதெல்லாம் வறுத்து இடித்த அரிசி. என் கைமுறுக்குக்கு எங்கள் தெருவில் பேர் உண்டு. சுற்றுச்சுற்றாக, ஒரு சுற்று இன்னொன்றில் ஒட்டாமல் நிற்கும். அன்றைக்கு அழகைப் பார்க்கவில்லை. கனமாகச் சுற்றினேன்.

தகரங்கள் போய்ச் சேர்ந்து சில நாள் கழித்து நான் பார்க்கப் போனபோதுதான் மகள் முழுகாமல் இருக்கிற சேதியைச் சொன்னாள். கூடத்துத் தூணில் சாய்ந்துகொண்டு, விரலைப் பார்த்தபடி சொன்னாள். பலசரக்கு வராமல் மாப்பிள்ளை வேலை பார்த்த கடையை அடைத்துவிட்டார்கள். அஸ்ஸாமில் பட்டாளத்துக்கு ரோடு போட ஆள் எடுக்கிறார்கள் என்று அவர் புறப்பட்டுக்கொண்டிருந்தார். எனக்கு இரண்டையும் சேர்த்துக் கேட்கச் சந்தோஷப்படவும் முடியவில்லை, வருத்தப்படவும் முடியவில்லை.

“நல்லா சாப்பிடுதியாட்டி?” என்றேன்.

“சாப்பிடாம என்ன? நீதான் கடையே வச்சுட்டியே,” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “எம்மா, அடுத்த தரம் முறுக்குல உப்பும் ஓமமும் போடாத. எண்ணெயும் அதிகம் குடிக்காம எடு,” என்றாள்.

“உப்பில்லாம என்னட்டி முறுக்கு?”

“மாமாவுக்குப் பல்லு இல்லேல்லா. ஊறவச்சுத் தின்னுதாவ. உப்பு கரிக்குதாம்.”

சம்பந்தி கிழவருக்குப் பல் இல்லாதது உண்மைதான். நான் நம்பினேன். அடுப்பங்கரை வாசல் எனக்கு எதிரேதான் இருந்தது. எழுந்து போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கை நனைக்காத வீட்டில் அடுப்பங்கரைக்குள் போவது எங்கள் வழக்கம் இல்லை.

அடுத்த முறை உப்பில்லாமல் சுட்டுக்கொண்டு போனேன். எல்லையில் ஏறிய சோதனைக்காரர் நம் பக்கத்து ஆள், ஒல்லியாக, மீசை மட்டும் பெரிதாக இருந்தார். தகரத்தைத் திறந்தவர் ஒரு முறுக்கை எடுத்து ஒடித்து வாயில் போட்டார். மென்றவர் நின்றார்.

“என்ன ஆச்சி, உப்பையே காணோம்?”

எனக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. மரியாதைக்கு அப்படிக் கூப்பிடுவதுதான்.

“மக பிள்ளைத்தாச்சி. உப்பு தின்னா காலு வீங்கும்.”

“ஓமம்?”

“சூடு.”

“அப்ப இது முறுக்கு இல்ல. அரிசிய நூலாத் திரிச்சுக் கொண்டு போறீய.”

பெட்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் விடவில்லை. “உம்ம வீட்டுல முறுக்குச் சுட்டா நூலாத் திரிக்காம கயிறாத் திரிப்பாகளோ?” என்றேன்.

அவர் மீசைக்குள்ளே சிரித்தார். “எம் பொண்டாட்டிக்கு இப்படி ஒரு தாய் இல்லாமப் போச்சே. போங்க, போங்க,” என்று தகரத்தை மூடினார். மூடுமுன் இன்னும் இரண்டு முறுக்கை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். உப்பில்லாத முறுக்கை ஒரு மனிதன் ஏன் வீட்டுக்குக் கொண்டுபோகிறான் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

வைகாசியில் ஏழாம் மாதம். வளைகாப்புப் போட்டுக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவது என்று நானும் வீட்டுக்காரரும் போனோம். வளையல் அடுக்கினோம். என் மகள் கை மெலிந்திருந்தது, வளையல் முழங்கைவரை ஏறிற்று. மசக்கை என்றார்கள். புறப்படலாம் என்றபோது சம்பந்தியம்மாள் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

“மதினி, ஒம்பதாம் மாசம் கூட்டிட்டுப் போனாப் போதாதா?”

“ஏன் மதினி? அங்கன குற்றாலத்துல சாரல் எறங்கப் போகுது. நல்ல தண்ணி, நல்ல காத்து, நெல்லுச் சோறு...”

“உங்களுக்குச் சொல்லதுக்கு என்ன? இப்ப ரேஷன்ல தலைக்கு இம்புட்டுன்னுதான் போடுதான். மகன் அஸ்ஸாமுக்குப் போனதும் அட்டையில அவன் தலைய வெட்டிட்டான். இவளும் போனா இவ தலையையும் வெட்டிருவான். அந்தப் படியும் சேந்துதான் இந்தப் பிள்ளைகளுக்குக் கஞ்சி.” முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். “பிள்ளத்தாச்சியோட பங்க நக்கித் திங்கோம்னு நினைக்காதீங்க மதினி. நினைச்சாலும் தப்பில்ல.”

ஓரத்தில் அந்த இரண்டு பெண்பிள்ளைகளும் என் மகளின் வளையலைத் தொட்டுத் தொட்டுச் சத்தம் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். எலும்பில் தோலைப் போர்த்தியதுபோல் இருந்தார்கள். அங்கிருந்தபடி என் மகளே சொன்னாள்: “எம்மா, ஒம்பதாம் மாசம் வாரேன். எட்டுல பயணம் ஆகாது. இன்னும் ரெண்டு மாசந்தான? நீ முறுக்க அனுப்பு.”

ஒன்பதாம் மாதம் என்று நாள் குறித்துக்கொண்டு வந்தோம்.

ஆனியில் குற்றாலத்தில் அருவி நன்றாக விழுந்தது. சண்டைக் காலத்திலும் அதற்குக் குறைவில்லை. ஒரு நாள் பகல்வண்டியில் வந்த மாங்காய் வியாபாரி எங்கள் வாசலில் நின்று, “ஆச்சி, உங்க மகளுக்குக் குளிர்காய்ச்சல். உடனே வரச் சொன்னாக,” என்றான்.

புனலூர்ப் பக்கம் அந்த வருஷம் குளிர்காய்ச்சல் வீடு வீடாகக் கிடந்தது. அதற்கு மருந்து கொயினா. கசப்பு மாத்திரை, எங்கள் சிறு வயதில் தபால் ஆபீசில்கூடக் கிடைக்கும். தென்காசியில் தெரிந்த கம்பவுண்டரிடம் போய்க் கேட்டேன்.

“கொயினாவா? பட்டாளத்துக்கே போதல ஆச்சி. அது விளையுத மரம் ஏதோ தீவுல இருக்கு. அந்தத் தீவையும் ஜப்பான்காரன் பிடிச்சுட்டான்.”

“தீவு போனா மரமுமா போயிரும்?”

“மரம் அங்கனதான் நிக்குது. பட்டை இங்கன வரணும்லா.”

பேர் தெரியாத இன்னொரு ஊர். அதுவும் விழுந்திருக்கிறது, நான் அறியாமலே. கம்பவுண்டர் நிலவேம்புப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தார். அதையும் இருந்த முறுக்குத் தகரத்தையும் எடுத்துக்கொண்டு ரயில் ஏறினேன். எல்லையில் அதே மீசைக்காரர்தான் ஏறினார். என் முகத்தைப் பார்த்தார், தகரத்தைத் திறக்கவே இல்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு வலி கண்டிருந்தது. காய்ச்சலில் மாதம் முந்திவிட்டது. மருத்துவச்சி வெந்நீர் கேட்டாள். சம்பந்தியம்மாள் மகளைத் தாங்கிப் பிடித்திருந்தாள், கிழவர் வாசலில், சின்னப்பிள்ளைகள் மூலையில். வேறு ஆள் இல்லை. முதல்முறையாக அந்த அடுப்பங்கரைக்குள் நான் போனேன்.

அரிசிப் பானை கவிழ்த்து வைத்திருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சட்டி. மூடியைத் தூக்கினேன். என் முறுக்கு. வெந்நீரில் ஊறி, சுற்றுகள் எல்லாம் அவிழ்ந்து, மரச்சீனிக்கிழங்கோடு சேர்ந்து குழைந்து கஞ்சியாகக் கிடந்தது. ஐந்து பேர் வீட்டில் பாதி வருஷமாக இதுதான் உலையாக இருந்திருக்கிறது. உப்பு வேண்டாம், ஓமம் வேண்டாம், எண்ணெய் குடிக்காமல் எடு என்று அவள் சொன்னதெல்லாம் வரிசையாக வந்து நின்றது. நான் பலகாரம் அனுப்பியதாக நினைத்தேன். அவள் அரிசியைத்தான் வாங்கிக்கொண்டிருந்தாள்.

வெந்நீரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

உச்சிவேளைக்குப் பிள்ளை பிறந்தது. ஆண். உள்ளங்கைக்குள் அடங்குகிற பிள்ளை. ஒரு தடவை அழுதது, பூனைக்குட்டி கத்துவதுபோல. என் மகள் கண்ணைத் திறந்து என்னைத் தேடினாள்.

“எம்மா, பேரன் வந்துட்டான்லா?”

“வந்துட்டான்ட்டி. ராசா மாதிரி இருக்கான்.”

“அப்ப இனிமே நீ இங்கன கை நனைக்கலாம்.” சிரித்தாள், இருமல் வந்தது. நெஞ்சில் கையை வைத்துக்கொள்ள முயன்று, கை பாதியிலே நின்றது. “அத்தே, எங்கம்மாவுக்குச் சோறு போடுங்க. அது காலையில இருந்து தண்ணிகூடக் குடிச்சிருக்காது.”

பிள்ளை முந்திப் போயிற்று. வெயில் தாழுமுன் அவளும் போனாள்.

மறுநாள் எல்லாக் காரியமும் முடிந்து ஆற்றில் தலைமுழுகிவிட்டு வந்தோம். இப்படிப்பட்ட வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது, பங்காளி வீட்டிலிருந்து சோறு வரவேண்டும். எந்த வீட்டில் இருக்கிறது வருவதற்கு? சம்பந்தியம்மாளே அடுப்பை மூட்டினாள். இலையைப் போட்டு என்னை உட்காரச் சொன்னாள். இலையில் ஒரு பிடிச் சோறு வைத்தாள்.

“இது அவ பங்கு மதினி. இந்த வாரத்துக்கு அவ தலைக்குப் போட்ட அரிசி. இதுல எங்க வாய் படக் கூடாது. உங்களுக்குச் சோறு போடச் சொல்லிட்டுப் போயிருக்கா.”

மூட்டையில் கிடந்து புழுத்த அரிசி. வெந்த பிறகும் சாக்கு நாற்றம் அடித்தது. எங்கள் வீட்டில் இதைக் கோழிக்குக்கூடப் போட்டிருக்க மாட்டேன். என் மகள் இதற்குத் தூக்குச்சட்டியோடு வரிசையில் நின்றிருக்கிறாள், வயிற்றைத் தாங்கிக்கொண்டு. நான் கை நனைத்தேன். ஒரு கவளம் விழுங்கினேன். நிமிர்ந்தால் அந்த இரண்டு பெண்பிள்ளைகளும் இலையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாங்க என்று கையைக் காட்டினேன். ஆளுக்கு ஒரு வாயாக மாற்றி மாற்றி ஊட்டினேன். பெரியவள் மென்றுகொண்டே அழுதாள்.

பின்னாளில் சண்டை முடிந்தது. சோதனைக்காரர்கள் போய், மூட்டை மூட்டையாக அரிசி மலையேறிற்று. மாப்பிள்ளை ஈரல் வீங்கி அஸ்ஸாமிலிருந்து திரும்பினார். எங்கள் வீட்டிலிருந்து பொங்கல்படி அதன்பிறகு எங்கேயும் போகவில்லை. முறுக்கும் நான் சுற்றியதில்லை. ஆனால் எனக்குச் சண்டை என்றால் நினைவுக்கு வருவது அதெல்லாம் இல்லை. அன்றைக்கு நான் புறப்படும்போது நடந்ததுதான்.

சம்பந்தியம்மாள் ஸ்டேஷன்வரை கூட வந்தாள். வண்டி நிற்கிறது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை. என்னவோ சொல்ல வந்து விழுங்குகிறாள், மறுபடி வருகிறது, மறுபடி விழுங்குகிறாள்.

“சொல்லுங்க மதினி.”

“கேக்கவே வாய் கூசுது. செத்தத ரேஷன் கடையில எழுதிக் குடுத்தா அவ தலைய வெட்டிருவான்.” என் முகத்தைப் பார்க்காமல் தண்டவாளத்தைப் பார்த்துச் சொன்னாள். “கொஞ்ச நாளைக்கு... சொல்லாம இருந்துக்கிடவா? இந்தத் தெருவுல எல்லா வீட்டு அட்டையிலயும் அப்படி ஒருத்தர் இருக்காக மதினி. யாரும் யாரையும் காட்டிக்குடுக்க மாட்டாக. ஆனா பெத்தவ நீங்க. நீங்க சொல்லாம நான் செய்ய மாட்டேன்.”

எல்லா வீட்டு அட்டையிலும் ஒருவர். நான் அந்தத் தெருவை நினைத்துப் பார்த்தேன். எத்தனை வீட்டு வாசலைத் தாண்டி நான் தகரத்தைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறேன்.

வண்டி ஊதியது. என் கையை மெல்ல விடுவித்துக்கொண்டேன்.

“இருக்கட்டும் மதினி,” என்றேன். “வெட்டாதீங்க. அங்கனயாவது இருக்கட்டும்.”